மந்தன் என்னும் தீர்ப்பு

"இவன் மண்டையில் எதுவும் ஏறாது" என்று கூறி ஒரு சிறுவனை வகுப்பின் கடைசி வாங்கிலே இருத்தும்போது, அங்கே ஒரு தீர்ப்பு வழங்கப்படுகின்றது. சாட்சி விசாரணை இல்லை, எதிர்வாதம் இல்லை, மேன்முறையீடும் இல்லை. எட்டு வயதுப் பாலகனுக்கு ஆயுட்காலத் தண்டனை!

அத்தீர்ப்புச் செல்லாது என்பதே நமது வாதம்.

பேச்சைக் குழந்தை தாய்மடியிலே தானாகக் கற்கின்றது. எழுத்தையோ பிறர் கற்பித்தாலன்றிக் கற்பதரிது. கண் காணும் வடிவமும் செவி அறிந்த ஒலியும் மனம் அறிந்த பொருளும் ஒன்றுசேர, மூளையின் வெவ்வேறு பகுதிகள் தம்முள் தொடர்புகொள்ள வேண்டும். அத்தொடர்பைத் தாங்கிச் செல்வன நரம்பிழைகள். அறிவிலே யாதொரு குறைவுமின்றியே சில பிள்ளைகளிடம் அவை வேறு விதமாய் அமைந்துள்ளன. கணக்கிலே வல்லவனாயிருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் பிறிங்கிள் மோர்கன் 1896-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

அவ்வமைப்பு மாற்றவொண்ணாததா? அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான கெலர், ஜஸ்ற் ஆகிய இருவரும் 2009-இல் இதற்கு விடை தந்தனர். வாசிப்பிற் பின்தங்கிய 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் சிறப்புப் பயிற்சி அளித்தபின், முன்னர் நலிந்திருந்த நரம்பிழைகள் சீரடைந்திருந்தன. பயிற்சி பெறாத பிள்ளைகளிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவு முன்னேறுவதில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. வாசிப்புக் குறைபாடுடைய 25 பிள்ளைகளை ஆராய்ந்த ஹோவ்ற் அம்மையார் குழுவினர், மூளையின் வலப்பக்கச் செயற்பாட்டையும் தொடர்புகளையும் கொண்டு, இரண்டரை ஆண்டுகளில் எவர் முன்னேறுவார் என்பதை ஓரளவு கணித்தனர். 2011-இல் வெளிவந்த இவ்வாய்வின்படி, வழக்கமான வாசிப்புப் பரீட்சைகளால் அவ்வாறு கணிக்க முடியவில்லை.

இங்கேதான் நாம் விழித்திருத்தல் வேண்டும். "இப்பிள்ளை தேறாது, செலவு வீண்" என்று சொல்ல இக்கருவி பயன்படுமாயின், பழைய கடைசி வாங்கே விஞ்ஞான வேடந் தரித்து மீண்டும் வந்ததாகும். கணிப்பு வேறு, தீர்ப்பு வேறு. ஒரு வழி பலியாதென அறிந்தால் மறுவழி தேடுவதன்றோ ஆசிரியன் கடன்?

கனடாவின் வட வன்கூவர் நகரிலே, பணத்தட்டுப்பாட்டைக் காரணங்காட்டிச் சிறப்புக் கல்வி நிலையமொன்று மூடப்பட்டது. வாசிப்புக் குறைபாடுடைய ஒரு சிறுவனின் தந்தை நீதி கேட்டார். 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சிறப்புக் கல்வி ஆடம்பரமன்று, ஏனைய பிள்ளைகள் பெறும் கல்வியை அச்சிறுவனும் எட்டுதற்குரிய வழியே அது என்றும், மாற்று வழிகளை ஆராயாது அதனை மூடியமை பாரபட்சம் என்றும் நீதியரசர்கள் கண்டனர்.

ஆகவே, பிள்ளை வாசிக்கவில்லையெனின் குற்றவாளிக் கூண்டில் அப்பிள்ளையை நிறுத்தாதீர்கள். அவனுக்குரிய பயிற்சி என்ன, அதனை எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள் என்றே நாம் முதலிற் கேட்போம். அதற்கு விடை வரும்வரை, "மந்தன்" என்னுஞ் சொல்லை உச்சரிக்க எவருக்கும் உரிமையில்லை.