தலையாட்டியின் இடத்தில் தொலைபேசி

டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. இந்தியாவின் நன்கொடை உதவியோடு நடக்கும் இந்தத் திட்டத்தில் நமது முகம், விரல் அடையாளம், கண்ணின் கருவிழி மூன்றும் பதிவாகும். "அட்டை கொடுக்கிறார்கள் என்றால் நல்லதுதானே, சங்கம் ஏன் யோசிக்கிறது?" என்று தோட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்டையின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன நம் பிள்ளைகள், யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பிடிபட்டு பொலிஸ் கூண்டில் கிடந்தார்கள். 2003 இல் புதிய பிரஜாவுரிமைச் சட்டம் வரும்வரை இந்தக் கதை முழுதாக ஓயவில்லை.

ஆகவே அட்டை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அட்டைக்குப் பின்னால் சேரும் விபரங்களை யார் பார்ப்பார்கள், யாருடைய அனுமதியோடு பார்ப்பார்கள் என்பதே நமது கேள்வி. இதற்கு விடை தேடுகிறவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களிடம் கேட்க வேண்டும். இந்த நாட்டில் அதிகமாகப் பதியப்பட்டவர்களும் எண்ணப்பட்டவர்களும் படம் பிடிக்கப்பட்டவர்களும் அவர்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் 'தலையாட்டி' என்று ஒரு சொல் உண்டு. சுற்றிவளைப்பு நாளில் ஊரையே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டுவார்கள். முகத்தை மூடிய ஒருவனை முன்னால் உட்கார வைப்பார்கள். ஊர்ச்சனம் வரிசையாக அவன் முன்னால் நடந்து போக வேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆளை ஒரு பக்கம் எடுத்துவிடுவார்கள். அவன் யார், என்ன சொன்னான், ஏன் சொன்னான் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அப்படிப் போய்த் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள்.

பயணத்துக்கும் அனுமதி வேண்டும். 1990களின் ஆரம்பத்தில் குடாநாட்டை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் பாஸ் தேவைப்பட்டது. பிணைக்கு ஆள் நிற்க வேண்டும். 1996 இல் குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு இராணுவத்தின் கிளியரன்ஸ். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது, கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போகவும் அந்தத் துண்டுக்காகக் காத்திருந்தார்கள். கொடி மாறியதே தவிர, கேட்கும் முறை மாறவில்லை.

யுத்தம் முடிந்த பிறகும், 2011 இல், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பதிந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்ட பிறகே, பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு சொன்னது. எந்தச் சட்டத்தின் கீழ் பதிகிறீர்கள் என்ற ஒரே கேள்வியை நீதிமன்றத்தில் கேட்டதற்குக் கிடைத்த பலன் அது.

நமக்கும் இது புதிதல்ல. 1900களின் தொடக்கத்தில் நமது முன்னோர் இலக்கம் அடித்த தகரத் தகட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடிதான் இந்த மண்ணில் இறங்கினார்கள். 'டின் டிக்கட்' என்று அதற்குப் பெயர். ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சொந்தம் என்று அந்தத் தகடு சொல்லும். கங்காணியின் கடனைத் தீர்த்த பிறகே வேறு தோட்டம் போகலாம் என்ற 'துண்டு' முறை 1921 இல்தான் ஒழிந்தது. இவையெல்லாம் நிர்வாக வசதிக்கு என்றே சொல்லப்பட்டன.

இன்று தலையாட்டி தேவையில்லை. கைத்தொலைபேசி அந்த வேலையைச் செய்கிறது. யாருக்கு எத்தனை மணிக்குப் பேசினோம், எந்தக் கோபுரத்துக்குக் கிட்ட நின்றோம் என்ற கணக்கு தொலைபேசிக் கம்பனியிடம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடும் வடக்குத் தாய்மார் புலனாய்வாளர்களால் பின்தொடரப்படுவதை ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் பல அறிக்கைகளில் பதிந்திருக்கிறது. போராட்டத்தில் நின்று படம் எடுப்பவரை நாம் பார்த்துவிடலாம். தொலைபேசிக் கணக்கைப் பார்ப்பவரைப் பார்க்க முடியாது.

தேசிய பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆனால் அந்த உயிர்கள் போனது தகவல் இல்லாததாலா? ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. கையில் இருந்த தகவலை வைத்து மேலிடம் ஒன்றும் செய்யவில்லை. 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம், அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு உயர் அதிகாரிகளுக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. கோடிக்கணக்கான ஆட்களின் விபரத்தைக் குவித்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு தேடுதல் எங்கே போனது என்பதையும் பாருங்கள். 2019 மே 3 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சோதனையிட்டு, மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் படங்கள் வைத்திருந்ததாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். ஈஸ்டர் தாக்குதலுக்கும் அந்தப் படங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நமது தோட்டப் பிள்ளைகளும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் கவிஞர் அஹ்னாப் ஜசீம் கைதானார். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியதுதான் அவர்மீது வந்த குற்றச்சாட்டுக்கு அடிப்படை. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. அச்சிட்டு எவரும் வாசிக்கக் கிடைத்த புத்தகத்துக்கே இந்தக் கதி. அப்படியிருக்க, அவசரத்தில் பேச்சுத் தமிழில் அனுப்பும் ஒரு குரல் பதிவை எந்த அதிகாரி எப்படி விளங்கிக்கொள்வார்? 'நாளைக்கு ஒரு கை பார்ப்போம்' என்று நாம் சொல்வது சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றி என்று அவருக்கு யார் சொல்வது?

மறுபக்கமும் உண்டு. வாள்வெட்டுக் குழுக்களாலும் போதைப்பொருளாலும் யாழ்ப்பாணத்தில் குடும்பங்கள் அல்லல்படுகின்றன. கடைக்காரர்கள் தாங்களே காசு போட்டுக் கேமரா பூட்டுகிறார்கள். குற்றவாளியைப் பிடிக்கத் தொலைபேசிக் கணக்கு உதவும் என்றால் அதை எடுக்கத்தான் வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி தகவல் தொடர்பை இடைமறிக்க நீதவானின் பிடியாணை வேண்டும். அவசரம் என்று சொல்லித் தப்பும் வாசலும் அதிலேயே இருக்கிறது. அந்த வாசல் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். நீதவானுக்குக் காரணம் சொல்ல முடியாத தேடுதலைத் தேசிய பாதுகாப்பு என்று நாம் ஏற்க மாட்டோம்.

நமது அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒரு வாசகம் இல்லை. இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கூடி அதை அடிப்படை உரிமை என்றார்கள். அங்கே அந்த வழக்கு எழுந்ததே ஆதார் அட்டையால்தான். இங்கே 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, அது முழுதாக அமுலாகும் நாளை 2025 இல் தள்ளிப்போட்டார்கள். பூட்டு வரும் முன்னே பெட்டியை நிரப்புவது என்ன முறை?

தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் 2018 ஒக்டோபரை நினைத்துப் பார்க்கட்டும். 1,000 ரூபா சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டது முகநூல் வழியாகக் கிடைத்த அழைப்பில். முன்பு பெரட்டுக் களத்திலும் கோயில் திண்ணையிலும் பேசியதை இன்று வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறோம். அந்தக் குழுவில் யார் முதலில் வாய் திறந்தார் என்பது தோட்ட நிர்வாகத்தின் காதுக்குப் போனால் அவருக்கு மறுநாள் பேர் விழுமா? விரல் வைத்துப் பேர் போடும் மெஷினும் கொழுந்து நிறுக்கும் மின்தராசும் சேர்க்கும் கணக்கு சம்பளத்துக்கு மட்டும்தான் என்று எழுத்தில் தரும்படி நிர்வாகங்களிடம் கேட்க வேண்டும். அரசாங்கத்தின் அடையாளப் பதிவோடு அதை இணைக்கக் கூடாது.

லயத்துக்கு விபரம் எடுக்க வருகிறவர் கிராம உத்தியோகத்தராக இருந்தாலும் பொலிஸாக இருந்தாலும் மரியாதையோடு நடந்துகொள்வோம். எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறீர்கள் என்று கேட்போம். படிவம் தமிழில் இல்லாவிட்டால் தமிழில் கேட்போம். விளங்காத தாளில் கையொப்பம் வேண்டாம். வந்தவரின் பெயர், பதவி, திகதி, கேட்ட விபரம் நான்கையும் ஒரு கொப்பியில் எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அவர் அதை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புவார்.