மைசூருவின் நெரிசல் எங்கிருந்து வருகிறது?

2021-இல் முடிந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு இப்போது நடக்க இருக்கிறது. எண்ணிக்கை வருவதற்கு முன்பே, எந்த மாநிலம் அதிகம் பிள்ளை பெற்றது, எது குறைவாகப் பெற்றது என்ற வாதம் சூடேறிவிட்டது. தொகுதி மறுவரையறையில் தெற்கின் குரல் குறைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. இந்தச் சூழலில், கூடுதலாகப் பிள்ளை பெறுங்கள் என்று 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு பேசினார். இதை ஏற்க முடியாது. நாடாளுமன்ற இடங்களுக்காகவோ வேறு எந்தக் கணக்குக்காகவோ பெண்கள் பிரசவ வேதனைப்பட வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அதோடு, தென் மாநிலங்களின் நகரங்கள் திணறுவதற்குப் பிறப்பு முதன்மைக் காரணமும் இல்லை. மைசூருவைப் பார்த்தால் இது விளங்கும்.

மக்கள்தொகை என்றால் என்ன என்பதைக் கசப்பாகக் கற்ற நிலம் இது. 1871-இல் பழைய மைசூர் அரசின் மக்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு 1881-இல் எண்ணியபோது சுமார் 42 லட்சம் பேரே மிஞ்சியிருந்தனர். அரை நூற்றாண்டு கழித்து, 1930-இல், உலகிலேயே முதன்முறையாக அரசே கருத்தடை மருத்துவ நிலையங்களைத் திறந்ததும் இதே மைசூர் அரசுதான். ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசும் 1950-களின் தொடக்கத்தில் இங்கே நடத்திய மக்கள்தொகை ஆய்வு 1961-இல் நூலாக வந்தது. அது இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இந்தப் பாதையில் வந்த கர்நாடகத்தில் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ஈடுசெய்யும் அளவான 2.1-க்கு இது வெகுவாகக் கீழே.

அப்படியானால் நெரிசல் எங்கிருந்து வருகிறது? 2001-க்கும் 2011-க்கும் இடையே பெங்களூரு நகர மாவட்டம் சுமார் 47 சதவீதம் பெருத்தது. மைசூரு மாவட்டம் 13 சதவீதம் வளர்ந்தது. பக்கத்துச் சாமராஜநகர் 6 சதவீதத்தைத் தொடவில்லை. மண்டியா 3-ஐக்கூடத் தொடவில்லை. குடகு 1 சதவீத அளவிலேயே நின்றது. சிக்கமகளூருவில் ஆள்தொகை குறைந்தே போனது. மண்டியாவின் தாய்மார்கள் பெங்களூருத் தாய்மார்களைவிடப் பதினைந்து மடங்கு குறைவாகப் பெற்றார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், பஸ் ஏறினார்கள். கிருஷ்ணராஜசாகர் அணையும் விஸ்வேஸ்வரய்யா கால்வாயும் நெல்லும் கரும்பும் இருக்கிற மாவட்டத்துக்கே இந்த நிலை என்றால், மானாவாரியை நம்பிய சாமராஜநகர்க் கிராமங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த இடப்பெயர்ச்சியின் விலையைத் தமிழகமும் கொடுத்திருக்கிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில், 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நகரின் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகைக்குள் வருகிறது என்ற நடுவர் மன்றத்தின் கணக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிநீரை மறுக்க யாராலும் முடியாது என்பதால் அந்தத் தீர்ப்போடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆனால் ஒரே நகரத்தில் ஒரு மாநிலத்தின் வேலைகளைக் குவித்தால் அதன் தாகம் டெல்டா வயல்வரை வந்து சேரும் என்பதைக் கர்நாடக அரசும் நாமும் சேர்ந்தே கவனிக்க வேண்டும்.

இப்போது அந்தக் குவியல் மைசூருவுக்கும் நீள்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச்சாலை பெங்களூருவை ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குக் கொண்டுவந்துவிட்டது. நகரைச் சுற்றி லேஅவுட்டுகள் முளைக்கின்றன. மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 476 பேர் என்று 2011 கணக்கு சொன்னது. நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளை ஒட்டிய எச்.டி. கோட்டை வட்டத்தையும் கடைத்தெருவான தேவராஜ அர்ஸ் சாலையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய எண் அது. காட்டோரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பல கிலோமீட்டர் நடக்கும் ஜேனு குருபர் பழங்குடிக் குடும்பத்துக்கும், ஹெப்பாள் தொழிற்பேட்டை அருகே ஒற்றை அறையில் நான்கு பேராகத் தங்கும் தொழிலாளிக்கும் அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

உண்மையான வளர்ச்சி மாநகராட்சி எல்லைக்கு வெளியே நடக்கிறது. ஹூட்டகள்ளி, போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடக்கொள என்று ஒவ்வொன்றும் அண்மை ஆண்டுகளில் தனி நகராட்சியாகவோ பட்டணப் பஞ்சாயத்தாகவோ ஆக்கப்பட்டன. சாலையின் இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் பஞ்சாயத்து. கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. இந்தப் பகுதிகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் தர வேண்டிய ஹளே உண்டவாடித் திட்டம் பல ஆண்டுகளாக இழுபட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரேஷன் பெறுவோர் எத்தனை பேர் என்பதும் இன்றுவரை 2011-இன் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

எனவே 2027-இன் முடிவுகளை மாநில, மாவட்டக் கூட்டுத்தொகையாக மட்டும் அறிவித்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. வார்டு, கிராம அளவிலான எண்களும் இடம்பெயர்ந்தோர் பற்றிய அட்டவணைகளும் ஓராண்டுக்குள் வெளிவர வேண்டும். 2011-இன் இடப்பெயர்ச்சி விவரங்கள் முழுமையாக வெளிவர 2019 ஆயிற்று. அதற்குள் அவை பழங்கணக்காகிவிட்டன. வெளிவரும் எண்களின்படி கர்நாடக அரசு உள்ளாட்சி நிதியை உடனே திருத்த வேண்டும். மைசூருவையும் அதை ஒட்டிய ஊர்களையும் ஒரே நீர், ஒரே வடிகால் திட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும்விட முதன்மையானது வேலை. அடுத்த தொழிற்சாலையும் அடுத்த கல்லூரியும் விரைவுச்சாலை ஓரத்துக்கே போகாமல் சாமராஜநகருக்கும் ஹுன்சூருக்கும் மண்டியாவின் உள்வட்டங்களுக்கும் போக வேண்டும்.

கணக்கெடுப்பு தொடங்கும்போது மைசூருவில் வாடகைக்கு இருக்கும் தமிழர்கள் பலர், “ஊர்ல ரேஷன் கார்டுல பேர் இருக்கு, அங்கேயே எழுதிக்குவாங்க” என்று சொல்லிக் கதவை மூடக்கூடும். வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணப்படுவதுதான் முறை. அதை அவரவர் மொழியில் எடுத்துச் சொல்லும் கணக்கெடுப்பாளர்களை இந்தப் புறநகர்களுக்கு அனுப்புவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.