பிரிக்காத கவர்

எங்கள் ஆபீஸில் ஒரு நாள் மானேஜர் பெயருக்கு 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்திய கவர் வந்தது. மனிதர் அதைப் பிரிக்காமல் டிராயரில் வைத்துப் பூட்டினார். சாயங்காலத்துக்குள் எட்டுப் பேருக்கு டிரான்ஸ்ஃபர், மூன்று பேருக்கு சஸ்பென்ஷன்! எல்லாம் கான்டீனில் பிறந்த ஆர்டர்கள்தான். மறுநாள் பிரித்தால், வீட்டுக்குப் போகும்போது ஃபேனை அணைக்கச் சொல்லி ஒரு சர்க்குலர்.

சிரிக்காதீர்கள். பிரிக்காத கவர் ஒன்று ஒரு ஜனாதிபதியின் நாற்காலியையே கவிழ்த்திருக்கிறது.

பிலிப்பைன்ஸில் சினிமா ஹீரோவாக இருந்து 1998-ல் ஜனாதிபதி ஆனவர் ஜோசப் எஸ்ட்ராடா. சட்டவிரோதச் சூதாட்டக்காரர்களிடம் மாமூல் வாங்கினார் என்று 2000 அக்டோபரில் ஒரு மாகாண கவர்னரே போட்டு உடைத்தார். டிசம்பரில் செனட்டில் விசாரணை. தலைமை நீதிபதி நடுவில் உட்கார, நாடே டி.வி. முன்னால். பாங்க் அதிகாரியம்மா ஒருவர் வந்து, ஜனாதிபதி வேறு பெயரில் கையெழுத்துப் போட்டதை ஒரு அடி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சாட்சி சொன்னார்.

2001 ஜனவரி 16. பாங்கிலிருந்து வந்த ஒரு கவரைப் பிரிக்கலாமா என்று ஓட்டெடுப்பு. பிரிக்கலாம் என்றவர்கள் 10 பேர், கூடாது என்றவர்கள் 11. ஒரு பெண் செனட்டர் குஷியில் குட்டி டான்ஸ் போட்டதையும் காமிரா விடவில்லை.

அவ்வளவுதான். எஸ்.எம்.எஸ். பறந்தது. மணிலாவின் எட்சா சாலையில் ஜன சமுத்திரம். 20-ம் தேதி எஸ்ட்ராடா மாளிகையைக் காலி செய்ய, உதவி ஜனாதிபதி அர்ரோயோ பதவியேற்றார். செனட் கடைசிவரை தீர்ப்பே சொல்லவில்லை!

தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கையில் 11 பேர் இருக்க, பிரித்திருந்தாலும் தப்பித்திருப்பார். பிப்ரவரியில் பிரித்தபோது, கணக்கு வேறொரு தொழிலதிபருடையது என்கிற காகிதம்தான் உள்ளே இருந்தது. (அதனால் அவரை உத்தமர் என்று நினைக்க வேண்டாம். 2007-ல் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. மன்னித்து வெளியே விட்டவர் அதே அர்ரோயோ.)

விசாரணையை நம்பியவரைக்கும் ஜனங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நம்பிக்கை போனதும் எழுந்து தெருவுக்கு வந்தார்கள்.

மானேஜரிடம் இதைச் சொன்னேன்.

"போய்யா, நம்ம ஆபீஸ்ல கவரைப் பிரிச்சாலும் பிரிக்காட்டியும் ஒருத்தனும் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டான்" என்றார்.

கான்டீன் மணி அடித்தது. அத்தனை பேரும் எழுந்தோம்.