வயலைக் காயவிட, அடுத்த முறை உறுதியாக வேண்டும்

பருவநிலை மாற்றம் என்றதும் ஆலைப் புகையும் வாகனப் புகையும்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலுக்கும் அதில் பங்கு உண்டு என்றால் உங்களுக்குக் கோபம்கூட வரலாம். ஆனால், அது உண்மை.

வயலில் தொடர்ந்து நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் அடித்தாளும் வேரும் மக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். வயலில் உண்டாவது பெரும்பாலும் நெற்பயிரின் வழியாகவே வெளியேறிக் காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது.

இதற்காக நெல்லைக் கைவிட வேண்டியதில்லை. நீங்கள் அறிந்த காய்ச்சலும் பாய்ச்சலும் முறையே போதும். அதை அளந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு அடி நீளம், 4 முதல் 6 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வரப்போரம் பதியுங்கள். உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிடுங்கள். நடவு செய்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு, 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை மட்டும் காயவிடாதீர்கள். கனத்த களிமண்ணில் அகலமாக வெடிப்பு விழ விடக் கூடாது. உப்புப் பாங்கான நிலத்துக்கு இந்த முறை ஏற்றதல்ல. காய்ந்தால் உப்பு மேலே ஏறும்.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிவரும் இந்த முறையில் பாசன நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகிறது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முறையாகச் செய்தால் மகசூல் குறைவதில்லை. களை சற்றுக் கூடும். அதற்குக் கோனோவீடர் ஓட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு நன்மை இருந்தும் காவிரி டெல்டாவில் இது ஏன் பரவவில்லை? விவசாயிக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. 2023-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தும், இடையில் தண்ணீர் போதாமல் பல இடங்களில் குறுவை கருகியது. 2024-இல் அந்தத் தேதியில் அணை திறக்கவே இல்லை. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர், தண்ணீர் வரும்போதே வயலை நிரப்பி வைக்கிறார். அவருக்குத் தெரிந்த காப்பீடு அதுதான். மேலும், வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் நினைத்தால் காயவிட முடியாது.

எனவே நீர்வளத் துறை வாய்க்கால் வாரியாக முறைப்பாசனத் தேதிகளை நடவுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தேதி மாறினால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் தனி ஒருவர் வயலில் குழாய் பதித்துப் படமெடுப்பதோடு நிற்காமல், ஒரு மடையில் பாயும் எல்லா வயல்களையும் சேர்த்துச் செயல்விளக்கம் நடத்தலாம். தலைமடையில் மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிறதா என்பதையும் அதில் கணக்கெடுக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இலவச மின்சாரம் என்பதால் மிச்சம் பிடிப்பதில் கைக்கு லாபம் தெரியாது. ஆனால், நிலத்தடி நீர் இறங்கினால் கிணற்றை ஆழப்படுத்தும் செலவு உங்களுடையது. இந்தச் சம்பாவில் ஒரு மா நிலத்தில் குழாய் பதித்துப் பாருங்கள். எத்தனை முறை தண்ணீர் கட்டினீர்கள், எத்தனை மூட்டை கண்டீர்கள் என்று எழுதி வையுங்கள். வாய்க்கால் பாசன விவசாயியிடம் வயலைக் காயவிடச் சொல்வதற்கு முன், அடுத்த முறை எந்தத் தேதியில் வரும் என்பதை அரசு சொல்லட்டும்.