பெயர் யார் கையில் இருக்கிறது?

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்சில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கம் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி நடத்தியது. கதைகளைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். இறுதி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை சங்கத்தின் அகப்பக்கத்தைப் பழைய ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து புதிய நிறுவனத்துக்கு மாற்றியவன் நான்.

வேலை சரியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். பக்கம் முன்பைவிட வேகமாகத் திறந்தது. செயலாளர் ஐயாவுக்குப் புலனத்தில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை ஐயா அழைத்தார். “தம்பி, கிள்ளான்லேருந்து ஒரு டீச்சர் போன் பண்ணாங்க. அவங்க மாணவி மூனு தடவ கதைய அனுப்பியிருக்காளாம். மூனு தடவயும் திரும்பி வந்துருச்சாம். என்னன்னு பாருப்பா.”

பார்த்தேன். சனிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

நான் செய்த தவறு இதுதான். இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. நாம் தட்டச்சு செய்யும் பெயருக்கு எந்த எண் என்று கேட்டால் பதில் சொல்லும் ஏற்பாடு டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைத்தார். அதற்கு முன் எல்லாப் பெயர்களும் கலிபோர்னியாவில் ஒரே கோப்பில் இருந்தன. தேவைப்பட்டவர்கள் அதைப் படியெடுத்துக்கொண்டார்கள். இன்று ஒவ்வொரு டொமேனுக்கும் தனிப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை வைத்திருக்கும் கணினிக்குப் பெயர் நேம்சர்வர். பட்டியலில் ‘ஏ’ என்ற வரி அகப்பக்கம் இருக்கும் இடத்தைச் சொல்லும். ‘எம்எக்ஸ்’ என்ற வரி மின்னஞ்சலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று சொல்லும். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தின் மின்னஞ்சல் வேறொரு சேவையில் இருந்தது.

நேம்சர்வரை மாற்றினால் ஒரு வரியல்ல, முழுப் பட்டியலும் மாறிவிடும். புதிய பட்டியலில் ‘ஏ’ வரி சரியாக இருந்தது. பழைய ‘எம்எக்ஸ்’ வரிகள் இல்லை. அதனால் கடிதங்கள் புதிய நிறுவனத்தின் கணினிக்குப் போயின. அப்படி ஒரு பெயரில் இங்கே யாரும் இல்லை என்று அது ஆங்கிலத்தில் பதில் எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

வெள்ளி இரவும் சனி காலையும் சில கதைகள் வந்து சேர்ந்ததுதான் என்னை ஏமாற்றியது. உலகெங்கும் உள்ள டிஎன்எஸ் கணினிகள் பழைய பதிலைச் சில மணி நேரம், சில வேளைகளில் இரண்டு நாள்வரைகூட நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு வரியையும் எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்று பட்டியலிலேயே ஓர் எண் இருக்கிறது. 86400 என்றால் ஒரு நாள். அனுபவசாலிகள் ஒரு வரியை மாற்றப் போகிறார்கள் என்றால் முதல் நாளே அதை 300 ஆக்கிவிடுவார்கள். பிழை நேர்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் திருத்திக்கொள்ளலாம். படிவம் ஐந்தில் கணினி அறிவியல் எடுத்து எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம் எழுதியவன்தான் நான். ஆனால் ஓர் உண்மையான டொமேனின் பட்டியலை அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் தொட்டதே இல்லை.

திருத்தலாம் என்றால் பழைய வரிகள் என்னிடம் இல்லை. (பழைய நேம்சர்வரையே நேரடியாகக் கேட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.) பழைய கணக்கின் கடவுச்சொல் சங்க அலுவலகக் கணினியில் மட்டும்தான் சேமிக்கப்பட்டிருந்தது. விரிவுரையை விட்டுவிட்டு மீண்டும் பிரிக்பீல்ட்சுக்கு ஓடினேன். ஐந்து வரிகளைப் பார்த்து எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. போட்டிக்கு ஒரு வாரம் நீட்டிப்புக் கொடுத்து, தெரிந்த பள்ளிகளுக்கெல்லாம் அழைத்துச் சொன்னோம். அந்த மாணவியின் கதை நான்காவது முறை வந்து சேர்ந்தது. கடிதம் திரும்பியதையே கவனிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எங்களிடம் கணக்கில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அன்று அந்தக் கணக்கைத் திறந்தபோது கண்ணில் பட்ட வேறொன்றைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டொமேனின் உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் அகப்பக்கத்தை இலவசமாகச் செய்துகொடுத்த ஓர் அண்ணனின் பெயர் இருந்தது. தொடர்புக்கு அவருடைய பழைய கல்லூரி மின்னஞ்சல். காலாவதியாக நாற்பது நாள்தான் மிச்சம்.

.காம், .ஆர்க் போன்ற டொமேன்களை விற்கும் நிறுவனங்கள், காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் அமைப்பின் விதி. அனுப்பியிருப்பார்கள், யாரும் திறக்காத அந்தக் கல்லூரி முகவரிக்கு. கட்டாமல் விட்டால் பெயர் முடங்கும். மீட்பதற்கு 30 நாள் தவணை உண்டு, கூடுதல் கட்டணத்தோடு. அதன்பின் ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். யாரும் வாங்கலாம். நம் சங்கத்தின் பெயரைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கும் கூத்து இப்படித்தான் நடக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் அடி விழுந்தது இதே இடத்தில்தான். 2015 ஜனவரி 26 அன்று மலேசிய ஏர்லைன்சின் அகப்பக்கத்தைத் திறந்தவர்கள் ஊடுருவிகளின் மிரட்டல் பக்கத்தைப் பார்த்தார்கள். எங்கள் வழங்கிக் கணினிகள் பத்திரமாக இருக்கின்றன, டிஎன்எஸ்தான் கைமாறியது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. 2013 அக்டோபரில் கூகுளின் மலேசிய முகவரிக்கும் அதுவே நடந்தது. வீட்டைத் தொடாமல் வழிகாட்டிப் பலகையை மட்டும் திருப்பிவைத்தால் போதும்.

2024 செப்டம்பரில் நம் நாட்டில் டிஎன்எஸ் தலைப்புச் செய்தியானது நினைவிருக்கும். இணையச் சேவை நிறுவனங்கள் பயனர்களின் டிஎன்எஸ் கேள்விகளை உள்நாட்டுக் கணினிகளுக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் சொல்ல, எதிர்ப்புக் கிளம்ப, அமைச்சர் அந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்றார். என் புலனக் குழுக்களில் அந்த வாரம் சூடான விவாதம். நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். அரசு நம் டிஎன்எஸ்ஸைத் தொடக்கூடாது என்று முழங்கிய எங்களில் யாரும், நாங்களே நடத்தும் சங்கத்தின் டிஎன்எஸ் யார் கையில் என்று கேட்டதில்லை.

அந்த அண்ணன் கெட்டவர் அல்லர். அழைத்த அன்றே கணக்கை மாற்றிக் கொடுத்தார். ஆண்டுதோறும் தன் பணத்தைக் கட்டி வந்திருக்கிறார். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார். தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது. பெரியவர்களுக்கு இது “கம்ப்யூட்டர் படிச்ச பையன் பார்த்துக்குவான்” என்ற வேலை. வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் கேட்பவர்கள், பெயரை ஒருவர் பையில் போட்டுவிடுகிறார்கள். நமக்கோ அது சுயவிவரத்தில் சேர்க்க ஒரு வரி. பக்கம் அழகாக வந்ததும் படம் எடுத்துப் போட்டுவிட்டு, தேர்வு வந்ததும் காணாமல் போய்விடுகிறோம். நானும் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றுகூட எழுதாமல் போயிருப்பேன், அந்த மாணவியின் கதை திரும்பாமல் இருந்திருந்தால்.

டொமேனே வேண்டாம், முகநூல் பக்கம் போதும் என்று என் நண்பன் சொல்கிறான். அதன் நிர்வாகியும் ஒரே ஓர் அண்ணன்தானே என்று கேட்டேன். சிரித்தான்.

இப்போது சங்கம்தான் உரிமையாளர். தொடர்பு முகவரி வேறொரு சேவையில் இருக்கிறது. சங்கத்தின் சொந்த டொமேனில் வைத்தால், பெயர் முடங்கும் நாளில் நினைவூட்டலும் சேர்ந்தே முடங்கிவிடும். டிஎன்எஸ் பட்டியல் முழுவதையும் அச்சிட்டுக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறோம். இந்த ஆண்டுக் கட்டணத்தைப் பொருளாளரே கட்டினார். நாலு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவைவிடக் குறைவு என்று அவருக்கு வியப்பு.

அடுத்த புதுப்பிப்பின்போது நான் வேலைப் பயிற்சியில் இருப்பேன். கிள்ளானிலிருந்து இரண்டு ஆறாம் படிவ மாணவர்கள் வரும் சனிக்கிழமை அலுவலகத்துக்கு வருகிறார்கள். முதலில் குறிப்பேட்டைக் காட்டப் போகிறேன். கடவுச்சொல் அதற்குப் பிறகுதான்.