கொழுப்பு என்னும் ஒற்றைச் சொல்

‘கொழுப்பால் தீங்கில்லை என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது’ என ஒரு காணொளியில் கேட்ட என் தந்தை, மாரடைப்புக்குப் பின் உட்கொண்டுவந்த ஸ்டாட்டினை நிறுத்திவிட்டார். 2015–2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பைக் கைவிட்டது உண்மையே. ஆனால் அவ்வரம்பு உணவிலுள்ள கொலஸ்ட்ராலுக்கு உரியது. குருதியிலுள்ளதன் பெரும்பகுதியை உடலே ஆக்குகிறது. கல்லீரலில் நிகழும் அந்த ஆக்கத்தையே ஸ்டாட்டின் தடுக்கிறது. நெய்யிலுள்ளதும் குருதியிலுள்ளதும் (திமிரும்கூட!) தமிழில் ‘கொழுப்பு’ ஆகிவிடுவதால் இவ்வேறுபாடு எளிதில் மறைந்துபோகிறது. இதயநோய் இல்லாதோருக்கு இம்மருந்து எவ்வளவு பயன்தரும் என்பது விவாதத்திற்குரியதே. நோய் கண்டவர்மீதும் அந்த ஐயத்தை ஏற்றுவது பொறுப்பின்மை. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், 4,444 இதயநோயாளிகளிடையே சிம்வாஸ்டாட்டின் இறப்பு வாய்ப்பை 30 விழுக்காடு குறைத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். திங்களன்று மருத்துவரைக் காண இசைந்திருக்கிறார்.