1815க்குப் பின்னும் சரித்திரம் உண்டு

முன்னோர் வைத்துச் சென்றதைப் பேணுவது ஒரு நாட்டின் கடன் என்பதை யாரும் மறுக்கமாட்டார். ஆனால், எந்த முன்னோர் என்று கேட்கும்போதுதான் தயக்கம் பிறக்கின்றது.

இறக்குவானை மலைகளை அடுத்துச் சிங்கராஜ வனம் பரந்து கிடக்கின்றது. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. அங்குள்ள மரத்துக்கும் பறவைக்கும் காவல் கிடைத்தது கண்டு மகிழ்கின்றோம். அயலிலே தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களின் சரித்திரத்துக்குக் காவல் எங்கே?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், புராதன சின்னத்துக்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வகுத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட நாள் அது. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்ததோ அதற்குப் பின்னர். ஆகவே அவர்கள் எழுப்பிய கோயிலும் குடியிருந்த லயமும் அவ்வெல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

பிற்காலச் சின்னங்களையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் காக்க அதே சட்டம் வழி வைத்திருக்கின்றது. வழியிருந்தும் கேட்பவர் வேண்டுமன்றோ? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு உரியவரென வகுத்தது. எஞ்சியோருட் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர். தமக்கே பதிவில்லாதவர் தம் கோயிலைப் பதியுமாறு எந்த வாயிலிலே போய்க் கேட்டிருப்பர்? கப்பலேறியவர்களோடு எத்தனை பாட்டும் கூத்தும் போயினவோ!

இப்போது காலம் மாறியிருக்கின்றது. கலை, வழக்காறு முதலிய மரபுகளைக் காக்கும் யுனெஸ்கோ சாசனத்தில் இலங்கை 2008இல் இணைந்தது. எது தமது மரபு என்று சொல்லும் உரிமையை அச்சாசனம் அம்மக்களுக்கே அளிக்கின்றது. அதன் பட்டியலிலே நம் நாட்டு நூற்பாவைக் கூத்து 2018இலும், தும்பறைப் பாய் நெசவு 2021இலும் இடம்பெற்றன. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே மதிக்கப்படத் தக்கவை.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகின்றோம். லயத்தைக் காப்பது வேறு. மக்களை லயத்திலேயே வைத்திருப்பது வேறு. ஒழுகும் கூரையின் கீழ் ஒரு குடும்பம் வாழும்வரை அது மரபுரிமையன்று, குறையே. குடும்பங்களுக்குக் காணியும் வீடும் கிடைக்கட்டும். அதன் பின்னர் பழைய லயமொன்றை நூதனசாலையாக நிறுத்தட்டும்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. இறக்குவானைப் பகுதி மாணவர்கள் விடுமுறையிலே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பாட்டன் பாட்டியரிடம் அமரட்டும். தோட்டத்தின் தமிழ்ப் பெயர், கோயில் எழுந்த கதை, பிரட்டுக்குத் தப்படித்த முறை, கொழுந்தெடுக்கையிலே பாடிய பாட்டு ஆகியவற்றைச் சொன்னவர் பெயரோடும் திகதியோடும் எழுதட்டும். பழைய சீட்டுகளையும் படங்களையும் குப்பையிலே போடாது பெற்றோர் பேணட்டும். நாளை ஓர் அதிகாரி வந்து ஆதாரம் கேட்டால், எடுத்து நீட்ட நம் கையிலே ஏதேனும் இருக்கவேண்டும்.